தமிழ்நாடு ஒரே ஒருமுறை எழுதிய பிசா தேர்வு: ஒரு நிகழ்வு ஆய்வு

2011 மே மாதம் வந்த பத்தாம் வகுப்பு ரிசல்ட்டில் தமிழ்நாட்டின் தேர்ச்சி 85.3 விழுக்காடு. அதே ஆண்டு டிசம்பரில் வெளியான, பிசா என்ற பன்னாட்டுத் தேர்வின் அறிக்கை, இதே மாநிலத்தில் பள்ளியில் படிக்கும் 15 வயதுப் பிள்ளைகளில் கணக்கில் அடிப்படை நிலையை எட்டியவர்கள் 15 விழுக்காடுதான் என்றது. ஏறத்தாழ ஒரே வயது, ஒரே பள்ளிகள், ஒரே வாத்தியார்கள். இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு இரு தரப்பும் மல்லுக்கு நின்றன. ஒரு தரப்பு நம் பொதுத்தேர்வைப் போலி என்றது, இன்னொரு தரப்பு வெளிநாட்டுக்காரன் பரீட்சை நமக்கு எதற்கு என்றது.

இரண்டு எண்ணும் சரிதான் என்பது என் கட்சி. அளந்த பொருள் வேறு வேறாக இருந்தது. பாடத்திட்டம் எதைக் கற்பிக்கச் சொல்கிறது, பொதுத்தேர்வு எதற்கு மார்க் போடுகிறது என்ற இரண்டும் நம்மிடம் எவ்வளவு தூரம் விலகிப் போயிருந்தன என்பதை வெளியிலிருந்து வந்த ஒரு தேர்வு தற்செயலாகக் காட்டிக்கொடுத்தது. அதை வைத்து நாம் என்ன செய்தோம் என்பதுதான் இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டிய பகுதி.

என்ன நடந்தது

பிசா என்பது வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி 2000-ம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடத்திவரும் தேர்வு. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை, வயது 15 என்றால் போதும். வாசிப்பு, கணக்கு, அறிவியல் மூன்றும் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாடத்துக்கு முதலிடம், 2009-ல் அது வாசிப்பு. அந்தச் சுற்றில் சேராத சிலர் 2010-ல் அதே தேர்வை எழுத வழி திறந்தார்கள். மலேசியா, மொரிஷியஸ், ஜார்ஜியா, கோஸ்டாரிகா என்று வந்த வரிசையில் இந்தியாவிலிருந்து இரண்டு மாநிலங்கள் சேர்ந்தன: தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும். நாட்டையே இறக்குவதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம். அதற்குப் பள்ளிக்கல்வியில் நல்ல பெயர் எடுத்த மாநிலங்களைத்தான் அனுப்பினார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலியக் கல்வி ஆய்வு மன்றம் தொகுத்த முடிவுகள் 2011 டிசம்பரில் வந்தன. வாசிப்பில் தமிழ்நாடு 337, கணக்கில் 351, அறிவியலில் 348. இமாச்சலத்துக்கு 317, 338, 325. ஓஇசிடி நாடுகளின் சராசரி முறையே 493, 496, 501. பட்டியலின் உச்சியில் இருந்த ஷாங்காய் கணக்கில் 600 எடுத்திருந்தது. மொத்தம் 74 பெயர்கள் கொண்ட அந்தப் பட்டியலில் மூன்று பாடத்திலும் தமிழ்நாட்டுக்குக் கீழே இருந்தவை இமாச்சலமும் கிர்கிஸ்தானும் மட்டுமே.

பத்திரிகைகளுக்கு இந்த 72-வது இடம்தான் தலைப்பு. எனக்கு அந்த அறிக்கையிலேயே பயன் குறைந்த எண் அதுதான் என்று தோன்றுகிறது. யார் யார் வந்தார்கள் என்பதைப் பொறுத்து இடம் மாறும். பீகாரும் உத்தரப்பிரதேசமும் எழுதியிருந்தால் நம் இடம் மேலே போயிருக்கலாம், பிள்ளைகளின் படிப்பு ஒரு இம்மிகூட மாறியிருக்காது. பார்க்க வேண்டியது நிலைகளை. பிசாவில் இரண்டாம் நிலை என்பதுதான் அடிப்படைக் கோடு. வாசிப்பில் 407 புள்ளி, கணக்கில் 420. ஒரு பத்தியைப் படித்து, வெளிப்படையாக எழுதப்படாத மையக் கருத்தைப் பிடிப்பது, ஓர் அட்டவணையிலிருந்து தேவையான எண்ணை எடுத்து எளிய கணக்கொன்றைப் போடுவது, இவ்வளவுதான் அந்தக் கோட்டில் கேட்கிறார்கள். ஓஇசிடி நாடுகளில் நாலில் மூன்று பங்குக்குக் குறையாத பிள்ளைகள் அதைத் தாண்டினார்கள். தமிழ்நாட்டில் வாசிப்பில் 17 விழுக்காடு, கணக்கில் 15, அறிவியலில் 16.

கேள்வித்தாளில் என்ன இருந்தது

பிசா கேள்விகளில் பெரும்பகுதியை வெளியே விடமாட்டார்கள், அடுத்தடுத்த சுற்றுகளில் மறுபடி கேட்பதற்காக. சிலவற்றை மட்டும் மாதிரிக்கு வெளியிடுவார்கள். அப்படி வெளியான பழைய கேள்விகள் இரண்டை எடுத்துப் பார்க்கலாம். நம் பிள்ளைகள் எழுதியவை இவையேதான் என்று சொல்ல வரவில்லை, ரகம் இதுதான்.

முதலாவது பீட்சாக் கணக்கு. ஒரு கடையில் ஒரே தடிமன் கொண்ட இரண்டு வட்டப் பீட்சாக்கள். சின்னதன் விட்டம் 30 செ.மீ., விலை 30 செட். பெரியதன் விட்டம் 40 செ.மீ., விலை 40 செட். கொடுக்கும் காசுக்கு எது லாபம், காரணம் காட்டு. ‘செட்’ என்பது எந்த நாட்டிலும் இல்லாத கற்பனைப் பணம். ஏதோ ஒரு நாட்டுப் பிள்ளைக்குத் தன் நாட்டு விலை தெரிந்திருப்பதால் அனுகூலம் வந்துவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு. பரப்பளவு ஆரத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது என்று தெரிந்தால் ஒரே வரியில் விடை முடியும்: 225-ஐ 30-ஆல் வகுத்தால் 7.5, 400-ஐ 40-ஆல் வகுத்தால் 10, பெரியதே லாபம். பை (π) மதிப்பைக்கூடப் பெருக்க வேண்டியதில்லை.

வட்டத்தின் பரப்பு நம் பிள்ளைக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். ‘ஆரம் 7 செ.மீ. எனில் பரப்பு காண்க’ என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் 154 என்று சொல்லும். பீட்சாக் கேள்வியில் ‘பரப்பு காண்க’ என்ற வார்த்தை எங்கும் இல்லை. எந்தச் சூத்திரத்தைக் கையில் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்வதே அங்கே கேள்வியாக இருக்கிறது.

இரண்டாவது கொள்ளைக் கணக்கு. இரண்டே இரண்டு பட்டைகள் கொண்ட ஒரு வரைபடம், 1998-க்கு ஒன்று, 1999-க்கு ஒன்று. முதல் பட்டை 508-க்குப் பக்கத்தில், இரண்டாவது 516-க்குப் பக்கத்தில். ஆனால் செங்குத்து அச்சு பூஜ்யத்திலிருந்து புறப்படவில்லை, 505-ல் தொடங்கி 520-ல் முடிகிறது. அதனால் இரண்டாவது பட்டை முதல் பட்டையைப் போலப் பல மடங்கு உயரமாகத் தெரியும். ஒரு டிவி நிருபர் இந்தப் படத்தைக் காட்டி, கொள்ளைகள் பெருமளவு அதிகரித்துவிட்டன என்கிறார். அவர் சொல்வது நியாயமா, விளக்கு. ‘இல்லை’ என்று மட்டும் எழுதினால் முழு மார்க் கிடையாது. படத்தின் ஒரு துண்டை மட்டும் வெட்டிக் காட்டியிருக்கிறார் என்றோ, ஐந்நூற்றுச் சொச்சத்துக்கு எட்டு என்பது பெரிய உயர்வில்லை என்றோ காரணம் வர வேண்டும்.

இதன் பக்கத்தில் நம் பத்தாம் வகுப்புக் கணக்கை வையுங்கள். புள்ளியியலில் திட்டவிலக்கம் உண்டு, மாறுபாட்டுக் கெழு உண்டு. பல நாடுகளில் அந்த வயதுக்கு அவ்வளவு தூரம் போவதில்லை. ஆகப் பாடத்தின் உயரத்தில் நமக்குக் குறை இல்லை. திட்டவிலக்கம் போட்டு முடித்த பிள்ளை, அச்சு எங்கே தொடங்குகிறது என்று பார்க்காமல் போவதுதான் குறை.

ஏன் பார்ப்பதில்லை என்பதற்கு நம் பொதுத்தேர்வின் கட்டமைப்பு தெரிய வேண்டும். அந்தக் காலத்துக் கணக்குத் தாளில் செய்முறை வடிவியலுக்கு 10, வரைபடத்துக்கு 10. அந்த இருபதும் நிச்சயம் என்பது பள்ளிகளில் எழுதப்படாத ஒப்பந்தம். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் வரும் என்று புளூபிரிண்ட் சொல்லிவிடும். ஒரு மார்க் கேள்விகள் புத்தகத்தின் பின்பக்கத்திலிருந்து எழுத்து மாறாமல் வரும். புக் பேக்கை முடித்து, ஐந்தாறு வருஷக் கேள்வித்தாளைப் போட்டுப் பார்த்து, சிரமப்படும் பிள்ளைகளுக்கு ‘மினிமம் மெட்டீரியல்’ என்று ஒரு மெல்லிய கட்டைக் கையில் கொடுத்தால் 35 வந்துவிடும். இதில் வாத்தியார்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் கேட்டு மெமோ வருவது அவர்களுக்குத்தான். கொள்ளை வரைபடத்தைக் கரும்பலகையில் போட்டு நாற்பது நிமிடம் விவாதித்த ஆசிரியருக்கு அதனால் ஒரு மார்க்கும் கூடுதலாகக் கிடைக்காது.

விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்தவர்கள் இதன் மறுபக்கத்தைப் பார்த்திருப்பார்கள். மேசையில் விடைக்குறிப்பு இருக்கும். சூத்திரம் எழுதியிருந்தால் ஒரு மார்க், பிரதியிட்டிருந்தால் ஒன்று, விடைக்கு ஒன்று. அறிவியலிலும் சமூக அறிவியலிலும் முக்கியச் சொற்களைத் தேடிக்கொண்டே கண் ஓடும். பிள்ளைகளும் அதற்கேற்றாற்போல அந்தச் சொற்களின் கீழ் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார்கள். புத்தகத்தில் இல்லாத, ஆனால் சரியான ஒரு காரணத்தைச் சொந்தமாக எழுதிய பிள்ளையின் தாள் வந்தால் திருத்துபவர் தயங்குவார். பக்கத்து மேசையைக் கேட்பார், முதன்மைத் தேர்வாளரிடம் போவார். லட்சக்கணக்கான தாள்களைச் சில நாட்களில் ஒரே அளவுகோலில் திருத்தியாக வேண்டும் என்றால் இந்த இறுக்கம் தவிர்க்க முடியாதது. அநியாயம் நடக்காமல் இருக்கப் போட்ட வேலிதான் அது. சொந்தக் காரணம் எழுதுவது நஷ்டம் என்று பத்து வருஷம் பழகிய பிள்ளை பிசாவின் ‘விளக்கு’ என்ற இடத்தை வெற்றாக விட்டுவிட்டு நகர்ந்தால் அதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

சொல்லப்பட்ட காரணங்கள்

கேள்விகள் நம் சமூக, பண்பாட்டுச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்பது மத்திய அரசுத் தரப்பிலிருந்து வந்த முதல் விளக்கம். இதில் ஓரளவு உண்மை உண்டு. பீட்சாவையே பார்க்காத பிள்ளைக்கு அந்த வார்த்தை ஒரு வினாடி தடுமாற்றம் தரலாம். ஆனால் இந்தத் தேர்வைத் தயாரிப்பவர்கள் அந்த ஆபத்தை அறியாதவர்கள் அல்ல. ஆங்கிலம், பிரெஞ்சு என்ற இரண்டு மூலத்திலிருந்தும் தனித்தனியே மொழிபெயர்த்து ஒப்பிடுகிறார்கள். ஒரு நாட்டில் மட்டும் ஒரு கேள்வி வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டால் அந்த நாட்டுக் கணக்கிலிருந்து அதை எடுத்துவிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்குத் தமிழிலும் எழுத வழி இருந்தது. பண்பாட்டு வேற்றுமை பத்துப் புள்ளி, இருபது புள்ளியை விளக்கலாம். 150 புள்ளியை விளக்காது.

வறுமை என்ற காரணம் இதைவிடக் கனமானது. வீட்டில் புத்தகம் இல்லாத, முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளையை டென்மார்க் பிள்ளையோடு நிறுத்துவது முறையா என்ற கேள்விக்கு மதிப்பு உண்டு. அந்தக் கேள்விக்கு 2012 சுற்று ஒரு பதில் வைத்திருந்தது. முதன்முறையாக எழுதிய வியட்நாம் கணக்கில் 511 எடுத்து அமெரிக்காவையும் பிரிட்டனையும் தாண்டியது. 15 வயதில் பள்ளியை விட்டுப் போயிருந்த பிள்ளைகள் கணக்கில் வராததால் அந்த எண் ஊதித் தெரிகிறது என்ற விமர்சனம் நியாயமானதுதான். ஆனால் தமிழ்நாட்டிலும் பள்ளியில் இருந்தவர்கள்தான் எழுதினார்கள்.

மூன்றாவது, பிள்ளைகள் சீரியஸாக எழுதவில்லை என்பது. பிசாவில் தனிப் பிள்ளைக்கு மார்க் ஷீட் கிடையாது. 13 வகைக் கையேடுகளாகக் கேள்விகளைப் பிரித்து ஆளுக்கொன்று கொடுப்பார்கள், எந்தப் பிள்ளையும் முழுத் தேர்வையும் எழுதுவதில்லை. இரண்டு மணி நேரம் எழுதியும் தனக்கு ஒன்றும் வரப்போவதில்லை என்று தெரிந்த பிள்ளை ஏனோதானோவென்று எழுதலாம். உண்மை. ஆனால் இந்த நிலைமை 74 இடத்திலும் ஒன்றே.

என் பார்வையில் எல்லாவற்றிலும் வலுவான எதிர்வாதம் அன்றைக்கு அதிகம் பேசப்படவே இல்லை. பிசா நடுவிலும் மேலும் உள்ளவர்களைத் துல்லியமாக அளக்கக் கட்டிய கருவி. அடிமட்டத்தில் அதன் கேள்விகள் மிகக் குறைவு. பெரும்பாலான பிள்ளைகள் கோட்டுக்குக் கீழே இருக்கும் இடத்தில், எவ்வளவு கீழே, எது தெரியும், எது தெரியாது என்று அதனால் சரியாகச் சொல்ல முடியாது. வாசிப்பில் கடைநிலையை இன்னும் பிரித்துப் பார்க்க ஓர் உள்நிலையை 2009-ல்தான் சேர்த்தார்கள். பிறகு வளரும் நாடுகளுக்கென்றே தனியாக ஒரு பிசாவை உருவாக்கி, கம்போடியா, செனகல், ஜாம்பியா, ஈக்வடார் போன்ற நாடுகளில் 2017-ல் நடத்தினார்கள். அதாவது இந்தக் கருவி நமக்குப் பொருந்தவில்லை என்று இந்தியா எழுப்பிய முறையீட்டில் சரியாக இருந்த பாதிக்கு ஒரு பதில் வந்தது. பதில் வந்தபோது இந்தியா அந்த அறையில் இல்லை.

இதற்கிடையில் உள்ளூரில் நடந்த பழிபோடும் படலம் தனிக்கதை. பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாமே கற்கும் செயல்வழிக் கற்றல் வந்ததால்தான் தரம் கெட்டது என்றார்கள், மாநிலத்தின் பல பாடத்திட்டங்களை ஒன்றாக்கிய சமச்சீர் கல்விதான் காரணம் என்றும் சொன்னார்கள். ஒரு சின்னக் கூட்டல் கழித்தல் போதும். 2010-ல் தேர்வெழுதிய பிள்ளை பிறந்தது 1994 வாக்கில், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 1999 அல்லது 2000-ல். செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது 2007-08-ல், அப்போது இந்தப் பிள்ளை எட்டிலோ ஒன்பதிலோ இருந்தது. சமச்சீர் பாடநூல் பத்தாம் வகுப்புக்கு வந்தது 2011 ஆகஸ்ட் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு. இரண்டுமே அந்தப் பிள்ளையைத் தொடவில்லை. அட்டை வைத்துக் கற்ற தலைமுறையையும் சமச்சீர் தலைமுறையையும் பிசா அளக்கவே இல்லை, அளந்தது அதற்கு முந்தைய ஏற்பாட்டை.

மூன்று வேலை, ஒரே பெயர்

தேர்வு என்ற ஒற்றைப் பெயரில் நாம் மூன்று வெவ்வேறு வேலைகளை வாங்குகிறோம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு சான்றளிக்கிறது: இந்தப் பிள்ளை இந்தப் பாடத்தை முடித்தது. நீட் வடிகட்டுகிறது: இத்தனை இடத்துக்கு இத்தனை பேர் போதும், மற்றவர் வெளியே. பிசாவும், மத்திய அரசு நாடு முழுக்க நடத்தும் நாஸ் போன்ற அடைவுத் தேர்வுகளும் அமைப்பைச் சோதிக்கின்றன: பிள்ளையின் பெயர் தேவையில்லை, மாநிலமோ மாவட்டமோ எப்படி இருக்கிறது என்று சொன்னால் போதும். ஒன்றின் முடிவை எடுத்து இன்னொன்றின் இடத்தில் பொருத்தும்போதுதான் குழப்பம். தேர்ச்சி விழுக்காடு கூடியதை வைத்துக் கல்வித்தரம் உயர்ந்தது என்று அறிக்கை விடுவது ஒரு பொருத்தம். நீட்டில் தேறியவர் எண்ணிக்கையை வைத்து மாநிலப் பாடத்திட்டத்துக்கு மார்க் போடுவது இன்னொன்று. இரண்டும் பொருந்தாது.

பாடத்திட்டத் தரம் என்பதும் இப்படித்தான் கலங்கிக் கிடக்கிறது. இந்த வகுப்பு முடிவில் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பது தரநிலை. அதை அடைய எதை எந்த வரிசையில் கற்பிப்பது என்பது பாடத்திட்டம். புத்தகம் அதற்கு ஒரு கருவி. தரநிலையை எழுதிவைக்கும் முயற்சி இந்தியாவில் 1991-லேயே குறைந்தபட்சக் கற்றல் அடைவுகள் என்ற பெயரில் தொடங்கியது. 2005 தேசியக் கலைத்திட்டம் மனப்பாடத்தை விட்டு வெளியே வரச் சொன்னது. 2017-ல் மத்திய அரசின் பாடநூல், கல்வி ஆய்வு அமைப்பான என்சிஇஆர்டி வகுப்புவாரியாகக் கற்றல் விளைவுகளை வெளியிட்டது. தாள் குறையவே இல்லை. ஆனால் பள்ளியின் அன்றாடத்தில் தரநிலையின் இடத்தில் புத்தகமே உட்கார்ந்துகொண்டது, புத்தகத்தின் இடத்தில் அதன் பின்பக்கம். ‘போர்ஷன் முடிஞ்சாச்சா?’ என்பதுதான் ஆசிரியர் அறையில் கேட்கும் கேள்வி.

வெளியேறியது

2012 சுற்றுக்கு இந்தியா போகவில்லை. 2015-க்கும் 2018-க்கும் போகவில்லை. 2019 ஜனவரியில் மனம் மாறி, 2021 சுற்றில் சேர ஒப்பந்தம் போட்டார்கள். கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகள், கூடவே சண்டிகர். முதல் முறை நல்ல பெயர் எடுத்த மாநிலங்களை அனுப்பிச் சூடுபட்டதால், இம்முறை வடிகட்டித் தேர்ந்த பள்ளிகளை அனுப்பத் திட்டம் என்று யாராவது சொன்னால் மறுப்பது கடினம். கொரோனாவால் அந்தச் சுற்று 2022-க்குத் தள்ளிப்போனது. 2022-லும் இந்தியா எழுதவில்லை.

மோசமான எண்ணோடு வேறு நாடுகள் என்ன செய்தன என்று பார்த்தால்தான் இந்த வெளியேற்றத்தின் விலை புரியும். 2001 டிசம்பரில் முதல் பிசா முடிவு வந்தபோது ஜெர்மனி வாசிப்பில் 484 எடுத்து சராசரிக்குக் கீழே கிடந்தது. தத்துவமும் விஞ்ஞானமும் எங்கள் சொத்து என்றிருந்த நாட்டுக்கு அது பேரிடி. மாநிலத்துக்கு மாநிலம் வேறாக இருந்த பள்ளிக்கல்விக்கு 2003, 2004 ஆண்டுகளில் பொதுத் தரநிலைகளை எழுதினார்கள். பிள்ளைகள் அவற்றை எட்டுகிறார்களா என்று சோதிக்க பெர்லினில் தனி நிறுவனம் தொடங்கினார்கள். 2012-ல் வாசிப்பு 508.

ஜெர்மனி பணக்கார நாடு என்பீர்கள். சரி, பெருவைப் பாருங்கள். பிசாவின் முதல் சுற்றில் அது வாசிப்பில் எடுத்தது 327. தமிழ்நாடு எடுத்த 337-ஐவிடக் குறைவு. அடுத்த இரண்டு சுற்றுகளுக்கு அதுவும் வரவில்லை. 2009-ல் திரும்பி வந்து 370 எடுத்தது. 2012-ல் 384, ஆனால் எழுதிய 65 பேரில் மூன்று பாடத்திலும் கடைசி இடம். உள்ளூரில் வசவு வாங்கிக் கட்டிக்கொண்டது, ஆனாலும் விலகவில்லை. 2015-ல் 398, 2018-ல் 401. எந்தச் சீர்திருத்தம் எவ்வளவு உதவியது என்று சண்டை போடுவதற்காவது பெருவிடம் தொடர்ச்சியான எண்கள் இருக்கின்றன. நம்மிடம் ஒரே ஒரு புள்ளிதான் உண்டு. ஒரு புள்ளியை வைத்துக் கோடு இழுக்க முடியாது.

உள்ளே என்ன மாறியது

பிசா முடிவுக்குப் பிறகும் பொதுத்தேர்வு தன் பாதையில் நடந்துகொண்டே இருந்தது. 2014-ல் தேர்ச்சி 90.7 விழுக்காடு, 2017-ல் 94.4, 2019-ல் 95.2. 2015 ரிசல்ட் எல்லாவற்றுக்கும் சிகரம். தமிழை முதல் மொழியாக எடுத்தவர்களில் 41 பேர் 499 வாங்கி முதலிடத்தைப் பங்குபோட்டார்கள். அறிவியலில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்டம், எழுதியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர். பத்தில் ஒருவர் உச்சவரம்பில் முட்டி நிற்கும் தேர்வு, அந்த உச்சத்துக்கு மேலே இருப்பவர்களைப் பிரித்துக் காட்டும் திறனை இழந்துவிட்டது என்று பொருள்.

உண்மையான உடைப்பு 2017-ல் வந்தது. அதைத் தள்ளியது பிசா அல்ல, நீட். மாநில ரேங்க் அறிவிப்பது நின்றது. அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் புதிய பாடத்திட்டத்துக்குக் குழு அமைந்தது, 2018-ல் புதிய புத்தகங்கள் வரத் தொடங்கின. பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் பாடத்தைத் தொடாமலே பன்னிரண்டை இரண்டு வருஷம் உருப்போட வைத்ததைத் தடுக்க அது ஒன்றே வழி என்று நினைத்தார்கள். மேல்நிலையில் புளூபிரிண்டை எடுத்தார்கள். புத்தகத்துக்கு உள்ளிருந்து, புக் பேக்கில் இல்லாத கேள்விகள் வந்தன. ‘அவுட் ஆஃப் சிலபஸ்’ என்று அழுத பிள்ளைகளையும் கருணை மார்க் கேட்ட பெற்றோரையும் டிவியில் பார்த்தோம். அந்தக் கேள்விகளில் பலவும் பாடத்துக்குள்ளேயே இருந்தவை.

இந்தச் சீர்திருத்தத்தின் பலவீனம், அது மறுபடியும் தேர்வின் வழியாகவே வகுப்பறையைத் திருத்தப் பார்த்தது. பதினொன்றாம் பாடத்தை நடத்தவில்லையா, அதற்கும் பரீட்சை வை. அடிப்படை வரவில்லையா, ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு வை என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வையும் 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கை எடுத்துவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நல்லதே. பதினொன்றாம் பாடத்தை விழுங்கிவிடும் பள்ளிகளை இனி எப்படிப் பிடிப்பது என்ற கேள்வி மட்டும் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது.

2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தை நான் வேறு வரிசையில் வைப்பேன். எட்டு வயதுக்குள் வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வர வேண்டும் என்று ஒரே ஒரு தரநிலையை எடுத்துக்கொண்டு, பிள்ளை இருக்கும் நிலைக்கேற்பப் பாடத்தைப் பிரித்தார்கள். 15 வயதில் தெரியும் விரிசல் எட்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் கிராமப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதித்து வெளியிடும் அசர் அறிக்கையில், 2010-லேயே, இந்தியக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பத்தியை வாசிக்க முடிந்தது. அவர்களுக்கு இரண்டு பக்கக் கட்டுரையைக் கொடுத்து மையக் கருத்து கேட்டால் விடை வராது.

கோடு இழுக்க எண் வேண்டும்

சரி, 2010-க்குப் பிறகு தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் படிப்பு முன்னேறியதா, பின்னேறியதா? பதில் சொல்லப் பயன்பட வேண்டியவை உள்நாட்டு அடைவுத் தேர்வுகள். 2017 நவம்பரில் நடந்த நாஸ் 3, 5, 8 வகுப்புகளை அளந்தது, பத்தாம் வகுப்பை அடுத்த பிப்ரவரியில் அளந்தது. 2021 நவம்பரில் மறுபடி நாஸ், ஆனால் அது பள்ளிகள் கொரோனாவால் மூடிக் கிடந்து அப்போதுதான் திறந்த நேரம். 2024 டிசம்பரில் பரக் என்ற புதிய அமைப்பு நடத்திய தேர்வு 3, 6, 9 வகுப்புகளுக்குத் தாவிவிட்டது. சுற்றுக்குச் சுற்று அளவுகோலையும் வகுப்பையும் மாற்றினால் ஒப்பிடுவது எப்படி? மாநிலத்தின் சொந்தத் தேர்வான ஸ்லாஸ் 2025 பிப்ரவரியில் 3, 5, 8 வகுப்புகளுக்கு நடந்தது. தமிழ்நாடு தன் கையில் வைத்திருக்கும் கருவி இதுதான்.

பிசாவுக்குத் திரும்பிப் போவதா வேண்டாமா என்பது தில்லியின் முடிவு. ஸ்லாஸை ஒழுங்காக நடத்துவது சென்னையின் கையில் இருக்கிறது. அதற்குப் பெரிய செலவுகூட இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் கேள்விகளில் ஒரு பங்கை வெளியே விடாமல் பூட்டி வைத்து, அடுத்த சுற்றில் அதே கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும். பிசா தன் எண்களை ஆண்டுக்காண்டு ஒப்பிடுவது இந்த ஒரே உத்தியால்தான். வகுப்புகளை மாற்றக் கூடாது. தேர்வு நடக்கும் பள்ளியின் ஆசிரியர் அந்த அறையில் இருக்கக் கூடாது. மாவட்டங்களை ரேங்க் போட்டு ஆய்வுக் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைக்கக் கூடாது. அப்படி ஒருமுறை நிற்க வைத்துவிட்டால், அடுத்த சுற்றுக்கு மாவட்டம் முழுக்க ‘ஸ்லாஸ் மாடல் பேப்பர்’ ஓட்டத் தொடங்கிவிடும், பூட்டி வைத்த கேள்விகள் வாட்ஸ்அப்பில் சுற்றும். முதல் மூன்றும் ஓர் அரசாணையில் முடிகிற வேலை. நான்காவதுக்கு, முடிவு வெளியாகும் நாளில் தன் மாவட்ட எண்ணைப் பார்த்துக் கோபப்படாத கலெக்டர்கள் வேண்டும்.